விரதம் இருந்த குதிரை

ஒரு தார் ரோடு. அதற்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம். மரத்துக்கு இந்தப் பக்கம் இருநூறு ஆண்கள் இருப்பார்கள், அந்தப் பக்கம் ஒரு போலீஸ் வேன். காலையிலிருந்து தொண்டை கிழியக் கோஷம் போட்டவர்களும், அவர்களைக் கலைக்க வந்தவர்களும், இப்போது வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடம், ஒரு வெள்ளைக் குதிரையின் வால்.

வால் லேசாக எழுந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. வால் ஓர் ஈயை விரட்டிவிட்டு மறுபடி தொங்கிவிட்டது. இருநூறு பேரும் உச்சுக் கொட்டினார்கள். வேன் பக்கத்திலிருந்தும் ஒரு உச்சு கேட்டது.

குதிரையின் கயிறு என் கையில் இருந்தது. பாவாடை தாவணி, ஒரு காலில் மட்டும் செருப்பு, முகமெல்லாம் புழுதி. பெண் பார்க்க யாராவது அந்த நேரம் வந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். சாம்பாருக்கு ஒரு வாரம் கொடுத்தவள் குதிரைக்கு ஒரு வாரம் கொடுக்கக் கூடாதா என்று சண்டை பிடித்தாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த வால் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், நான் ஏன் அங்கே நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காலவரையற்ற விடுமுறை

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எந்த வருஷம் என்று என்னை உலுக்கிக் கேட்காதீர்கள். பங்குனி மாதம் என்பது மட்டும் நிச்சயம். மாமரங்கள் பூத்து முடித்துப் பிஞ்சு விட்டிருந்தன.

நாளைக்கு பஸ் ஓடுமா என்பதுதான் அப்போது கள்ளக்குறிச்சியில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி. எங்கள் கல்லூரியைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வயது வந்த பெண் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்கு ஜாதகக் கட்டு ஞாபகம் வந்துவிடும். வந்தது. நான் வடக்கனந்தலில் இருந்த பாக்கியம் அத்தை வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

பாக்கியம் அத்தை என் அப்பாவின் அக்கா. அவருக்கு ஒரே மகன், முருகேசன். அந்த வட்டாரத்தில் மறியல் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவன். எனக்கு முறை மாமன். ஜாதகத்துக்குப் பயந்து ஓடி முறை மாமன் வீட்டில் போய்த் தங்கிய என் புத்திசாலித்தனம் எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. பொழுது விடிந்ததும் அந்த வீட்டை விட்டு வெளியே போக எனக்கு ஓர் இடம் வேண்டும். அப்படிக் கிடைத்ததுதான் நர்சம்மாவின் குதிரை ஆஸ்பத்திரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷங்களில் எல்லா ரோடும் நான் சொல்லப்போகும் ரோடு போல இருக்கவில்லை. வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்தன. மறியலுக்குப் போன பிள்ளைகள் சிலர் வீடு திரும்பவில்லை. ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போவார். முருகேசன் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை சாப்பிட மாட்டார்.

வார்டு

நர்சம்மாவின் பெயர் கனகவல்லி. அந்தப் பெயரில் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்து, ஒரு பெரிய டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை உதறிவிட்டு வந்தவர். கச்சிராயபாளையம் ரோட்டில் கொஞ்சம் நிலம் வாங்கி நிம்மதியாகக் கத்தரிக்காய் போடலாம் என்பது அவர் திட்டம்.

அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வந்துவிட்டது. ஜட்கா வண்டிகள் ஒவ்வொன்றாக விறகுக்குப் போயின. வண்டியை விறகாக்கலாம், குதிரையை என்ன செய்வது? அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவை போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டு ரோட்டில் திரிந்தன. ஒன்று கரும்பு டிராக்டரில் அடிபட்டு நர்சம்மாவின் வாசலில் வந்து விழுந்தது. அவர் ஊசி நூலை எடுத்துத் தைத்துவிட்டார். விஷயம் பரவிற்று. அதற்குப் பிறகு காலையில் எழுந்து பார்த்தால் வேலியில் ஒரு குதிரை கட்டியிருக்கும். கட்டியவர் போயிருப்பார். கத்தரிக்காய் போட வாங்கிய நிலத்தில் ஏழு குதிரைகள் நின்றன.

லாயம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வார்டு. குதிரைகள் பேஷன்ட். காலையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ரவுண்ட்ஸ் வருவார். கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பார். வாயைத் திற என்று அதட்டுவார். குதிரைகள் திறந்தன. என்னையும் ஒரு முறை பழக்க தோஷத்தில் அதட்டினார், நானும் திறந்தேன்.

கொள்ளு வேக வைப்பது, சாணி அள்ளுவது, ஆலைக்குப் போகும் கரும்பு வெட்டும் இடங்களிலிருந்து வரும் நுனித் தோகையான கொழுந்தாடையை நறுக்கிப் போடுவது, குளம்புக்குள் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பது, இவை என் வேலைகள். முதல் நாளே ஒரு கிழட்டுக் குதிரை என் பாதத்தின் மேல் காலை வைத்துவிட்டு, ஏதோ யோசனையில், எடுக்க மறந்து நின்றது. நான் அலறியதைக் கேட்டு அது காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. அன்று மாலை நொண்டிக்கொண்டே அத்தை வீட்டுக்குப் போய், நாளைக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பங்குனிக் காலையில் புங்கமரம் பூவை உதிர்த்துக்கொண்டே இருக்கும். குதிரைகளின் முதுகெல்லாம் பொரி தூவியது போல வெள்ளையாகக் கிடக்கும். தட்டிவிடப் போனால் சிலிர்த்து என் மேல் உதறும். கோமுகி வாய்க்காலில் இறக்கினால் ஏழும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தண்ணீரைக் காலால் அடிக்கும். நான் நனைந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கக் கரையில் உட்கார்ந்திருப்பேன். கரியாலூர் மலைப்பக்கம் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்த ஒரு மட்டக்குதிரை இருந்தது. அது மட்டும் குளித்து முடித்ததும் கல்வராயன் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டும். மலைக்கு வணக்கம் சொல்கிறதா, சமவெளிக்காரர்களை அவமானப்படுத்துகிறதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்ததுண்டு.

குதிரை மேல் ஏறக் கூடாது என்பது நர்சம்மாவின் சட்டம். ரிட்டையர் ஆனவர்களை வேலை வாங்கக் கூடாதாம்.

அங்கே என்னைத் தவிர வேலை செய்த இன்னொருவர் காதர் பாய். சம்பளத்துக்கு வந்தவர் இல்லை, ராணியோடு வந்தவர். ராணி அவருடைய ஜட்காவை இழுத்த வெள்ளைக் குதிரை. தீனி போட முடியாமல் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தினம் வருகிற விசிட்டர் பெருக்கிவிட்டுத்தான் போனால் என்ன என்று நர்சம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார். பாய்க்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ராணிதான் இருந்தாள். அவள் கழுத்தில் சாய்ந்துகொண்டு உருதுவில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குக் குதிரை வைத்தியம் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எந்த நோய்க்கும் மூக்கில் பீடிப் புகையை ஊத வேண்டும் என்பதோடு அவருடைய வைத்தியம் முடிந்துவிடும்.

ராணி சாமியானது

வார்டுக்குப் பின்னால் வரப்பைத் தாண்டினால் அய்யனார் கோயில் தோப்பு. அங்கே ஆளுயர மண்குதிரைகள் வண்ணம் பூசி வரிசையாக நிற்கும். ஒரு நாள் விடியற்காலையில் ராணி கயிற்றை அறுத்துக்கொண்டு போய், உதிர்ந்த இலுப்பைப் பூவை வயிறு நிறையத் தின்றுவிட்டு, அந்த வரிசையின் கடைசியில் நின்றபடியே தூங்கிவிட்டாள். குதிரைகள் அப்படித்தான் தூங்கும். பொங்கல் வைக்க வந்த பெண்கள், கடைசிக் குதிரை காதை ஆட்டுவதைப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நர்சம்மாவின் வாசலில் வாழைப்பழத் தார், வெல்லம், தேங்காய். ராணியின் கழுத்தில் மஞ்சள் துணி. மாலை போட்டால் அவள் மாலையைத் தின்றாள், சாமி ஏற்றுக்கொண்டது என்று குலவை போட்டார்கள். காதர் பாய்க்கு ஒரே பெருமை. நம்ம ராணிக்கு இவ்வளவு மரியாதை என்று அவர் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையிடமும் போய்ச் சொன்னார். பெண்கள் அவரிடமே திருநீறு கேட்க, அவர் சங்கடத்தோடு அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்.

நர்சம்மாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ராணிக்கு வயிறு இளகிவிட்டது. குதிரைக்கு வயிறு கெட்டால் மனிதர்களைப் போல வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளேயே சிக்கிச் செத்துவிடும் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கத்தினார். சாமி குதிரைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வெல்லத்தை நீட்டினார்கள்.

சிவப்பு எழுத்து

கடைசியில் நர்சம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிற நோயாளியின் கட்டிலில் ஒரு பலகை தொங்கவிடுவார்களாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் காபியை ஊற்றிவிடாமல் இருப்பதற்காக. அதே போல ஒரு பலகையில், சிவப்புப் பெயிண்டில், தன் கைப்படவே எழுதினார்: 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.' அதை ராணி நின்ற இடத்துக்கு நேரே தொங்கவிட்டார்.

பலன் கைமேல் கிடைத்தது. ஒரு பழம் வரவில்லை. பெண்கள் வந்தார்கள், படிக்கத் தெரிந்த ஒருத்தி பலகையை வாய்விட்டுப் படித்தாள், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாளுக்கு நாள் கூட்டம் மட்டும் அதிகமானது. வெறும் கையோடு வந்து, கும்பிட்டு, கிசுகிசுவென்று பேசிக்கொண்டு போனார்கள்.

நர்சம்மா பூரித்துப்போனார். ஜனங்களுக்குப் புரியும்படி எழுதினால் கேட்பார்கள், இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் எழுதத் தெரியாது என்றார்.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை. காதர் பாய் ஜும்மா தொழுகைக்குச் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார். நர்சம்மா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வெளியே வண்டியிலிருந்து கொழுந்தாடையை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே திடீரென்று குலவைச் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்பக்க வரப்பு வழியாக ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பித்தளைத் தவலை. ராணியின் தலை தவலைக்குள் இருந்தது. அவள் தலையைத் தூக்கியபோது மூக்கு நுனியில் ஒரு முந்திரிப் பருப்பு ஒட்டியிருந்தது. தவலையில் ஒன்றும் பாக்கியில்லை. பாக்கியம் அத்தை தன் முந்தானையால் ராணியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அத்த இது, அந்தப் பலகையப் பாக்கலியா நீங்க?" என்றேன்.

"பாத்துதாண்டி எத்தினி நாளா எல்லாரும் காத்துக்கினு கெடந்தோம்" என்றார் அத்தை. "வாயில ஒண்ணும் படக் கூடாதுன்னு வெரதம் இருந்துச்சே பாவம். இன்னிக்கிக் கடேசி வெள்ளிக் கெழம. வெரதம் முடிச்சி வெச்சிட்டோம்."

ராணிதான் தினமும் புல் தின்கிறாளே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். புல்லும் தண்ணீரும் விரதத்தில் சேராது, நமக்குப் பாலும் பழமும் மாதிரி என்று இன்னொரு பெண் விளக்கினாள். நெய், வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு. ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான சர்க்கரைப் பொங்கல்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பெரிய மறியல், முருகேசன் விடியும் முன்பே போய்விட்டான், அவன் ஜெயிலுக்குப் போகாமல் அடிபடாமல் வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இந்தப் பொங்கல் என்றார். எனக்குக் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது.

மரத்துக்கு அந்தப் பக்கம்

உச்சி வெயிலில் ராணி முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். பிறகு வியர்த்தாள், படுத்தாள், புரளப் போனாள். நர்சம்மா அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் கடமுடவென்று பேசிக்கொண்டே இருக்கும். ராணியின் வயிறு பேசவில்லை. சாணியும் காலையிலிருந்து போடவில்லை.

அப்போதுதான் தொழுகை முடிந்து வந்த காதர் பாய் நடந்ததைக் கேட்டார். பீடியைப் பற்றவைத்து ராணியின் மூக்கருகே கொண்டுபோனார். நர்சம்மா அதைத் தட்டிவிட்டார். பாய் கீழே விழுந்த பீடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது.

புரளவிட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், சாணி போடும்வரை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டர் வந்தே ஆக வேண்டும் என்றார் நர்சம்மா. தானும் பாயும் ராணியை ரோட்டில் நடத்திக்கொண்டு எதிரே வருவதாகச் சொல்லி, என்னைக் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்கு விரட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கொஞ்ச தூரத்திலேயே புளியமரம் குறுக்கே கிடந்தது. ரோட்டின் மேலேயே மூன்று அடுப்பு மூட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அதுவும் போராட்டத்தின் ஒரு பகுதி. முருகேசன் ஒரு நாற்காலி மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு ஈ காக்கை போகாது என்று அவன் சொல்லி முடித்த நொடியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் அம்மாவின் பொங்கல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் நாற்காலியிலிருந்து இறங்கி என் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். என் செருப்பு ஒன்று கிளைகளுக்குள் விழுந்தது அப்போதுதான்.

மாட்டாஸ்பத்திரியில் புதிதாக வந்த இளம் டாக்டர், மறியலால் ஒரு மாடும் வராமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். குதிரை என்றதும் துள்ளி எழுந்துவிட்டார். படித்து முடித்ததிலிருந்து ஒரு குதிரைக்காகக் காத்திருக்கிறாராம். என் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால், மடியில் ரப்பர் குழாய்ச் சுருளோடு உட்கார்ந்து, கடைவீதி வழியாகவே வந்தேன். யாரோ ஒரு வாலிபன் முதுகில் ஒட்டிக்கொண்டு நான் போன செய்தி எனக்கு முன்னால் அம்மாவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஜாதகம் இன்னும் வேகமாகப் புரண்டது என்பது தனிக் கதை.

மல்லாட்டை எண்ணெய்

நாங்கள் மரத்தை அடைந்தபோது கள்ளக்குறிச்சிப் பக்கம் போலீஸ் வேன் வந்திருந்தது. அதற்குப் பின்னால் பஸ்ஸும் லாரியும் கரும்பு டிராக்டரும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. மரத்துக்கு அப்பால் நர்சம்மாவும் பாயும் ராணியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் கால்கள் பின்னிக்கொண்டன. டாக்டரின் பை கைமாறி, தலைகளுக்கு மேலேயே மிதந்து போனது. டாக்டரையும் ஏறத்தாழ அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

அவர் ராணியின் மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தினார். நர்சம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலை, மூக்குதான் கொஞ்சம் பெரியது என்றார். குழாய் இரைப்பைக்குப் போய்விட்டது. குடலை வழுக்கிவிட எண்ணெய் ஊற்ற வேண்டும். டாக்டர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அது ஒரு கன்றுக்குட்டிக்குத்தான் போதும்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பளம் பொரிக்க வாங்கிய மல்லாட்டை எண்ணெய், வேர்க்கடலை எண்ணெய்தான், ஒரு டின் அங்கே உடைக்காமல் இருந்தது.

சமையல்காரர் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருநூறு பேருக்கு அப்பளம் இல்லாமல் என்ன சாப்பாடு என்று கேட்டார். முருகேசன் டின்னை வாங்கிக்கொண்டு வந்தான். டாக்டர் போதும் என்கிறவரை புனல் வைத்து ஊற்றினார்கள். கூடவே ஓர் ஊசி. இனி நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றார் டாக்டர். சாணி போட்டால் பிழைத்தாள். இல்லையென்றால் சாயங்காலத்தைத் தாண்ட மாட்டாள்.

காதர் பாய் கயிற்றைப் பிடித்து இரண்டடி நடந்தார். முழங்கால் மடங்கிவிட்டது. கயிற்றை என்னிடம் நீட்டினார். அப்படித்தான் அது என் கைக்கு வந்தது.

வால்

ஒரு பஸ் கிடையாது, லாரி கிடையாது. வயிற்றுவலிக்காரக் குதிரையை நடத்துவதற்கு மறியல் ரோட்டைப் போல ஒரு ரோடு உலகத்தில் இல்லை. மரத்திலிருந்து மைல்கல் வரை, மைல்கல்லிலிருந்து மரம் வரை. நான் முன்னால் போனேன். பக்கத்தில் நர்சம்மா, பின்னால் டாக்டர், அவருக்குப் பின்னால் கோஷத்தை விட்டுவிட்டு இருநூறு பேர். யாரோ ஒருவர் பழக்கத்தில் கையை உயர்த்தினார், மற்றவர்கள் அதட்டி அடக்கினார்கள். சத்தம் கேட்டால் குதிரை அடக்கிக்கொள்ளும் என்பது ஒருவர் கருத்து. உலகத்தில் இல்லாத குதிரை நிபுணர்கள் எல்லாம் அன்றைக்கு அந்த ரோட்டில் இருந்தார்கள்.

செய்தி கேட்டு பாக்கியம் அத்தையும் மற்ற பெண்களும் ஓடிவந்தார்கள். அத்தை காதர் பாய்க்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு உங்கள் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று அழுதார். பாய் தரையைப் பார்த்தபடியே, நீங்கள் சோறுதானே போட்டீர்கள், நான் அதுகூடப் போட முடியாமல் விட்டுவிட்டுப் போனவன் என்றார்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் மரத்தைத் தாண்டி வந்தார். கலைந்து போகாவிட்டால் எல்லோரையும் வேனில் ஏற்றுவேன் என்றார். முருகேசன் அவர் முன்னால் போய் நின்றான். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"ஏத்துங்க சார், ஒருத்தரும் ஓட மாட்டோம்" என்றான் அவன். "அந்தக் குதிர சாணி போட்டுட்டும். அப்புறம் நாங்களே வந்து ஏறிக்கிறோம்."

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். அவருடைய வேலை வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்தாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்ன நினைத்தாரோ, வேப்பமர நிழலுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நிழலில் நின்றாலும் அவர் கண்ணும் வாலைத்தான் பார்த்தது.

நடந்தோம். தார் இளகி என் வெறுங்காலில் ஒட்டியது. ராணியின் தலை என் தோளில் கனத்தது, அவள் மூச்சு கழுத்தில் சுட்டது. செத்துவிடாதே, செத்துவிடாதே என்று நடக்கிற தாளத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே போனேன். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஈ வந்தது, வால் எழுந்து, மறுபடி தொங்கியது.

அப்புறம் ராணி நின்றாள். இழுத்தேன், வரவில்லை. நர்சம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் ஒரு சத்தம் வந்தது. நீளமான, மரியாதையில்லாத, ஒரு கல்யாண பேண்டு ஊதத் தொடங்குவது போன்ற சத்தம். யாரும் சிரிக்கவில்லை. வால் எழுந்தது, எழுந்தபடியே நின்றது. பிறகு தார் ரோட்டில் பொத்தென்று விழுந்தது, தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது.

அந்த ரோடு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஆரவாரத்தைக் கேட்டிருக்காது. துண்டுகள் பறந்தன. முருகேசன் டாக்டரைத் தூக்கிவிட்டான். டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முதல் குதிரை, தன் முதல் குதிரை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் கை தட்டினார்கள், இன்ஸ்பெக்டர் திரும்பியதும் நிறுத்தினார்கள், அவரே சிரிப்பதைப் பார்த்து மறுபடியும் தட்டினார்கள். நர்சம்மா குனிந்து, ஆஸ்பத்திரியில் பார்க்கிற அதே கண்ணோடு அதைப் பரிசோதித்துவிட்டு, நிமிர்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. எனக்குக் கல்யாணமானது, குழந்தைகள் பிறந்தது, எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவை ஈடாகாது. என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

அதற்குள் பெண்கள் அந்தச் சாணியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பூவரச இலையில் எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நர்சம்மா கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வேனில் யாரும் ஏறவில்லை. தாசில்தார் வந்து ரோட்டிலேயே நின்று மனுவை வாங்கிக்கொண்டார். அப்பளம் இல்லாத சாப்பாட்டை இன்ஸ்பெக்டரும் சாப்பிட்டார் என்று முருகேசன் சொல்வான், நான் பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் மரத்தைக் கயிறு கட்டி ஓரமாக இழுத்தார்கள்.

ராணியை வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாய்க்குக் காலில் தெம்பு வந்துவிட்டது. அவர் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தார், நான் ஒரு பக்கம். ரோட்டின் நடுவில் அவள் மெதுவாக நடந்தாள், எண்ணெய் இன்னும் கடைவாயில் மினுங்கியது. பின்னால் இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து நின்ற கச்சிராயபாளையம் பஸ் முதல் ஆளாகக் கிளம்பி எங்களை நெருங்கியது. டிரைவர் தலையை நீட்டி, ஓரம் கட்டக் கூடாதா பாய் என்று கேட்டார்.

காதர் பாய் நிற்கவில்லை. ஜட்கா ஓட்டிய காலமெல்லாம் ஒவ்வொரு ஹாரனுக்கும் மண்ணில் இறங்கி இறங்கி வண்டிச் சக்கரம் தேய்ந்தவர் அவர்.

"வயிறு செரியில்லாத புள்ள" என்றார், திரும்பாமலேயே. "மெதுவாத்தான் வரும்."

ஹாரன் அடிக்கப் போகிறார் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. இன்ஜின் சத்தம் இறங்கி, எங்கள் நடைக்குத் தாழ்ந்தது. அதற்குப் பின்னால் லாரி, அதற்குப் பின்னால் கரும்பு டிராக்டர்கள், எல்லாம் ஒரு கிழட்டுப் பெண்குதிரையின் வேகத்தில் வந்தன. எவ்வளவு தூரத்துக்கு வருகின்றன என்று பார்க்க எனக்கு ஆசை.

"திரும்பாத பாப்பா" என்றார் பாய், மெல்ல. அவர் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. "நீ பாத்தா நானும் பாப்பேன், அப்புறம் எனக்கு ஓரம் கட்டணும்னு தோணிடும்."